ஜப்பான் மரியோ ஏன் வேகமாக ஓடினார்?

சென்ற ஆண்டின் பெரும்பகுதியை, சிறுவயதில் விளையாடிய டிவி கேமை அதே படத்தோடும் அதே ஒலியோடும் திரும்பப் பெறுவதில் கழித்தேன். அதில் ஏறத்தாழ 22,000 ரூபாய் எதற்கும் உதவாமல் போயிற்று. கடைசியில் நான் தேடியதைக் கொடுத்த பொருளுக்கு, அதைப் பழுதுபார்த்த கூலியும் சேர்த்து, 1,500 ரூபாய்தான் ஆனது. இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள என் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவரும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் தங்கள் ஊர்க் கருவிகளை வைத்து எழுதியவை. 1990-களில் சென்னையில் நம்மில் பலர் விளையாடியது அந்தக் கருவியே அல்ல என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் என் பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கருவி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தார். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவை மரியோ, கான்ட்ரா, வாத்துச் சுடுவது, டேங்க் கேம், பைக் ரேஸ், சர்க்கஸ் என விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் இதே விளையாட்டுகள் வேறு கட்டத்திலிருந்தோ வேறு நிறத்திலோ தொடங்கும் மறுபதிப்புகள். சாமுராய், மீடியா முதலிய பெயர்களைத்தான் அக்கம்பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கான அசல் கருவியைச் செய்த ஜப்பான் நிறுவனமான நின்டெண்டோவின் பெயரைக் கல்லூரிக்குப் போன பிறகே கேள்விப்பட்டேன். கான்ட்ராவில் முப்பது உயிர் தரும் ‘மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ’ என்ற வித்தையை அண்ணன் பள்ளியில் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க எனக்குச் சொல்லித்தர மறுத்தார். (அதைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கோனாமி நிறுவன நிரலாளர் என்பதும், 1986-இல் வேறொரு விளையாட்டைச் சோதிக்கும்போது தனக்குக் கடினமாக இருந்ததால் அதைச் சேர்த்தார் என்பதும் இந்தத் தேடலில் நான் இலவசமாகப் பெற்ற அறிவு.) அண்ணன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். பொங்கலுக்கு அவர் வரும்போது இருவரும் உட்கார்ந்து கான்ட்ரா விளையாட வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் கருவி எப்போதோ எடைக்குப் போய்விட்டது. அம்மா வீட்டுப் பரணில் மஞ்சள் கேசட் மட்டும் மிஞ்சியிருந்தது.

முதலில் இணையத்தில் 620 விளையாட்டுகள் என்று விளம்பரம் செய்யப்பட்ட சிறு பெட்டி ஒன்றை 1,799 ரூபாய்க்கு வாங்கினேன். எல்இடி டிவியில் நேராகச் செருகும் வசதி இருந்ததால் வேலை எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். வந்த பெட்டியில் கான்ட்ரா இல்லை. மரியோவின் பாட்டு சுருதி விலகி ஒலித்தது. பொத்தானை அழுத்தினால், குதிக்கலாமா வேண்டாமா என்று மரியோ சற்று யோசித்துவிட்டே குதித்தார். பெட்டி திறக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்குபவர்கள் எண்ணிக்கையைப் பார்க்காமல் விளையாட்டுப் பட்டியலின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. அனுப்ப மறுத்தால் விட்டுவிடலாம். தாமதத்துக்குக் காரணம் பெட்டி மட்டுமல்ல. எல்இடி டிவி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் அதில் சேர்கிறது. டிவியின் படத் தேர்வுகளில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், கண்கூடாக மாற்றம் தெரியும்.

துப்பாக்கி விளையாட்டுக்காக இதில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அது ஒளியைப் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகி, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். இந்தக் கணக்கெல்லாம் பழைய குழாய் டிவி படத்தை வரையும் வேகத்துக்கு ஏற்ப அமைந்தது. எல்இடி திரையில் வெள்ளைச் சதுரம் தாமதமாக வருவதால் பழைய துப்பாக்கி ஒருபோதும் வேலை செய்யாது. ‘எல்லா டிவியிலும் வேலை செய்யும் துப்பாக்கி’ என்று பழைய வகைத் துப்பாக்கியை யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

அடுத்து, பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் ‘அசல் கருவி, நல்ல நிலை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார், “அக்கா, நிறைய பேர் கேட்குறாங்க, நீங்க முன்பணம் போட்டா உங்களுக்கே எடுத்து வைக்கிறேன்” என்றார். 4,500 ரூபாய் அனுப்பிய மாலையே அவருடைய எண் அணைந்துவிட்டது. பணம் அதற்குள் வேறு கணக்குகளுக்குப் போயிருந்தது. வெட்கமாக இருந்ததால் வீட்டில் வெகுநாள் சொல்லவில்லை. இப்படி நடந்தால் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கணக்கை விட்டுப் போவதற்குள் புகார் பதிவானால்தான் முடக்க வாய்ப்பு உண்டு. வாங்குவதற்கு முன்பு, கருவி ஓடும்போது அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துக் காணொலி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே பொருள் வைத்திருப்பவர் இதற்குச் சலித்துக்கொள்வாரே தவிர மறுக்க மாட்டார்.

இதற்குப் பிறகு, உள்ளூர் வம்பே வேண்டாம், அசலையே வரவழைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளிவந்தது. அதன் கேசட்டுக்கு 60 முனைகள். அமெரிக்காவில் விற்ற அதே நிறுவனத்தின் என்இஎஸ் கருவிக்கு 72 முனைகள். நம் ஊர் மஞ்சள் கேசட்டும் 60 முனைதான் என்பதால் பரணில் கிடந்தது ஃபேமிகாமில் பொருந்தும். இந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது, பித்துப் பிடித்தவளைப் போல ஏலத் தளங்களைப் பார்க்கத் தொடங்கினேன். பழைய ஃபேமிகாமில் ஆண்டெனா வழி இணைப்பு மட்டுமே உண்டு. அதுவும் ஜப்பானியச் சேனல் அலைவரிசையில் இருப்பதால் நம் டிவியில் பிடிப்பது கடினம். ஆகவே ஏவி இணைப்பு பொருத்தி மாற்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கருவியின் விலை 9,000 யென், அதாவது சுமார் 5,200 ரூபாய். வாங்கி அனுப்பும் முகவரின் கட்டணமும் தபால் செலவும் 4,500. சுங்க வரியும் கையாளும் கட்டணமும் 4,100. ஆக மொத்தம் 13,800 ரூபாய். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ஏலத்தில் பார்க்கும் விலையை இரண்டரையால் பெருக்கிக்கொண்டு அது கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். என் கணக்கு அப்படித்தான் வந்தது.

கருவியோடு வந்த அடாப்டரை நம் வீட்டுப் பிளக்கில் செருகக் கூடாது. அது ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது, நம்முடையது 230. இது எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் 9 வோல்ட் அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்கினேன். இதில் வோல்ட்டைவிட முக்கியமானது முனை. ஃபேமிகாமின் செருகியில் நடுமுனை எதிர்மின். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டர்களில் நடுமுனை நேர்மின். செருகி அளவு ஒன்றாகவே இருப்பதால் கச்சிதமாக நுழைந்துவிடும். அடாப்டரின் மேல் வட்டமும் புள்ளியுமாக ஒரு சிறு படம் இருக்கும். அதில் நடுவில் எந்தக் குறி இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

ஃபேமிகாமை எல்இடி டிவியில் இணைத்தபோது படம் வருவதும் ‘சிக்னல் இல்லை’ என்று மறைவதுமாக இருந்தது. இந்தக் கருவிகள் ஒளிபரப்பு டிவியைப் போல ஒற்றை, இரட்டை வரிகளை மாற்றி மாற்றி வரைவதில்லை. சுமார் 240 வரிகளை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரைகின்றன. சில புதிய டிவிகளுக்கு இது புரிவதில்லை. சிக்னலைப் புதிய டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு கருவி ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கி நடுவில் வைத்தேன். படம் நின்றது, ஆனால் பழைய தாமதம் திரும்பி வந்தது. அப்போதுதான் அம்மா, “அந்த கலைஞர் டிவி மேலதானே கிடக்கு?” என்றார். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி. சென்னையில் குழாய் டிவி தேடுபவர்கள் பல்லாயிரம் கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. உறவினர்களின் பரண்களில் கேட்டுப் பாருங்கள். எங்களுடையதில் ஏவி துளை இருந்தது, ஜப்பானின் டிவி முறையான என்டிஎஸ்சி வண்ணமும் தானாகவே பிடித்தது. எல்லாப் பெட்டிகளும் அப்படி இருப்பதில்லை. இந்திய டிவி முறையான பால் (PAL) முறைக்கு மட்டுமான பழைய பெட்டியில் ஜப்பான் கருவியின் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். பரணிலிருந்து இறக்கியதைத் துடைக்கிறேன் என்று பின்மூடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

அந்தப் பெட்டியில் மரியோ தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் பாட்டு சரியில்லை. வேகமாக ஓடியது. மரியோவும் வேகமாக ஓடினார், எதிரே வரும் காளான்களும் வேகமாக வந்தன. முதல் பள்ளத்தையே என்னால் தாண்ட முடியவில்லை. ஒலியின் தன்மைகூட மாறியிருந்தது. நினைவில் இருந்த அந்தக் கரகரப்பு இல்லை. கருவியில்தான் கோளாறு என்ற எண்ணத்தில், ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். “கிரிஸ்டல் போயிருக்கும் மேடம், மாத்திடலாம்” என்று 1,200 ரூபாய் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நான் அடாப்டரையும் உடன் கொடுத்திருந்தேன். அவர்கள் தங்கள் மேசையில் இருந்த வேறொன்றைச் செருகினார்கள். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் எனக்கு வாசலிலேயே வந்தது. மின்னழுத்தச் சீராக்கியை மாற்றினார்கள், கெப்பாசிட்டர்களை மாற்றினார்கள், படம் திரும்பவில்லை. உள்ளே இருக்கும் ரிக்கோ சிப்புகள் அந்தக் கருவிக்கென்றே செய்யப்பட்டவை. இப்போது தயாரிப்பில் இல்லை. இன்னொரு ஃபேமிகாமிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு. ‘வரும்போதே பழுதாகத்தானே மேடம் வந்தது’ என்பது அவர்கள் பதில். பழைய கருவியைக் கடையில் கொடுப்பதாக இருந்தால், அது ஓடும் நிலையை அவர்கள் கண்ணெதிரே காட்டிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அடாப்டரைக் கருவியோடு டேப் போட்டு ஒட்டி, ‘வேறு எதையும் செருகக் கூடாது’ என்று அதன் மேலேயே எழுதுங்கள்.

கருவியில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜப்பானின் டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும்; இந்தியாவின் பால் முறை 50 முறை. இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் ஒவ்வொரு படம் வரையும்போதும் ஓர் அடி முன்னேறுகின்றன, பாட்டும் அப்படியே. நம் ஊருக்கு வந்தவை நின்டெண்டோ செய்தவை அல்ல, தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்கள். அவை பால் டிவிக்காக 50 முறைக்கு அமைக்கப்பட்டவை. அதாவது நாம் கேட்ட மரியோ பாட்டு, கோஜி கொண்டோ 1985-இல் அமைத்ததைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவானது. சுருதி ஏறக்குறைய அதேதான், காலப்பிரமாணம்தான் வேறு. பல நகல் சிப்புகளில் ஒலி அலையின் அகல அளவுகளில் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறியும் இருந்தன. என் நினைவில் இருந்த கரகரப்பு அந்தப் பிசகிலிருந்து வந்தது. அசலைத் தேடி 13,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது, நான் ஒருபோதும் விளையாடியிராத ஒரு விளையாட்டை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடியதற்கு அந்தப் போலிதான் அசல்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் விடுப்போ அரைநாள் அனுமதியோ கிடைக்கும்போதெல்லாம் பல்லாவரம் சந்தைக்குப் போகத் தொடங்கினேன். பழைய ரேடியோ, மிக்சி மூடி, ரிமோட் குவியல்களுக்கு நடுவில் இந்தக் கருவிகள் எப்போதாவது வரும். விற்பவர்களுக்கு அதன் மேல் எந்த மயக்கமும் இல்லை. நான் வாங்கியதற்கு 1,000 கேட்டார், “ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாதும்மா” என்று ஒளிக்காமல் சொன்னார், 700-க்குக் கொடுத்தார். அங்கே மின்சாரம் போட்டுப் பார்க்க முடியாது. ஓடாத பொருளுக்கான விலையை மட்டும் கொடுப்பது என்று மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கேசட் செருகும் வாயில் பச்சை பூத்திருக்கிறதா, முனைகள் வளைந்திருக்கின்றனவா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். திருகாணி நான்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. பலகையில் பெரிய சிப்புகள் தனித்தனியாக, யுஏ 6527பி போன்ற எண்களோடு இருந்தால் அது பழைய வகை, பழுதுபார்க்க வழியுண்டு. நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று மட்டும் இருந்தால் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது, போனால் போனதுதான்.

பெரம்பூரில் ஒரு பழைய டிவி மெக்கானிக் அதை 450 ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்தார். கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தன, 7805 சீராக்கிக்கு அலுமினியத் தகடு ஒன்றைப் பெரிதாக வைத்தார், இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் அரை மணியில் சூடேறிப் படம் கலையும் என்றார். நான் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சரியான அடாப்டர் 350. மஞ்சள் கேசட்டின் முனைகளைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. நாம் அனைவரும் செய்ததைப் போல வாயால் ஊதக் கூடாது. எச்சிலின் ஈரம் முனையை அரிக்கும். ஊதினால் ஓடியதாக நினைத்தது, கழற்றி மறுபடி செருகியதால் முனைகள் சரியாகப் பொருந்தியதால்தான். சென்னையில் கடற்காற்று வேறு. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொத்தான் வேலை செய்யாவிட்டால் ஜாய்ஸ்டிக்கையே மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பரின் கார்பன் வட்டத்தைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கருவியும் பெட்டியும் வேண்டாம், அந்த ஒலியும் வேகமும் மட்டும் போதும் என்பவர்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. எனக்கு இது தெரியவந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழைய கருவியைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருள்களுக்கு எமுலேட்டர் என்று பெயர். மீசென், எஃப்சிஇயுஎக்ஸ் போன்ற இலவச எமுலேட்டர்களில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘டெண்டி’ என்று ஒன்று இருக்கும். ரஷ்யாவில் புகழ்பெற்ற நகல் கருவியின் பெயர் அது. நம்முடையதைப் போலவே 50 முறை ஓடுவது. அதைத் தேர்ந்தெடுத்தால் மரியோ நாம் அறிந்த நடையில் நடப்பார். விளையாட்டுக் கோப்புகளுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கான்ட்ராவை முறையாக வாங்க விரும்பினால் கோனாமியே 2019-இல் வெளியிட்ட தொகுப்பு கணினிக்கும் புதிய கருவிகளுக்கும் கிடைக்கிறது. அது 60-இன் வேகத்தில் ஓடும், பழகினால் சரிதான்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். கலைஞர் டிவியில் விஎச்எஃப் சேனல் அலைவரிசையைக் கையால் திருகிப் படத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. முதல் இரண்டு கட்டங்களை எப்படியோ தாண்டினோம். மூன்றாவது அருவிக் கட்டத்தில் ஒருவர் மேலே ஏறினால் திரையும் ஏறும், கீழே தங்கியவர் செத்துப்போவார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தார், நான் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தேன். அரை மணிக்குப் பிறகு மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எரிந்துபோன ஃபேமிகாமின் உடல், கேசட் வாய், ஜாய்ஸ்டிக்குகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அதைப் பாகங்களுக்காக விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறேன். ஓடாது என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.